பிளக்கு புதுசு, காயிலு பழசு

கடல் தாண்டுனாத்தான் வெளிநாடுன்னு எம்மவ சொல்லுவா. எனக்குச் சேலம் தாண்டுனாவே வெளிநாடுதானுங்க. ஜேடர்பாளையத்துல பொறந்து, ஜேடர்பாளையத்துலயே வாக்கப்பட்டு, அணைக்கட்டுப் பக்கம் பொரிக்கிற மீனுக்கு மேல ஒலகத்துல ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தவ நானு. அப்பிடிப்பட்டவ ஆத்தூருக்குக் கெளம்ப வேண்டி வந்துச்சு.

காரணம் எந்தம்பி குமரேசன். அவனுக்குக் கல்யாணம். வயசு என்னன்னு கேக்காதீங்க. அவன் கூடப் படிச்சவன் போன மாசம் பேத்திக்குக் காது குத்துனான். இவன் ரிக் வண்டியில போர் போடறேன்னு ஊரு ஊராச் சுத்தி, கண்ட கண்ட ராச்சியத்துல எல்லாம் மண்ணத் தொளச்சுட்டு, இப்பத்தான் ஒரு பொம்பள மனசுல தண்ணி வந்திருக்குது. பொண்ணு பேரு தனம். ஆத்தூர்ல மெஸ்சு வெச்சிருக்குது. இவன் அந்தப் பக்கம் போறப்பெல்லாம் அங்கதான் சாப்புடுவான். எத்தன வருசமாச் சாப்புட்டான்னு அவனுக்கும் தெரியாது. ஒரு நா அந்தம்மாவே கேட்டிருக்குது, "எங்கொழம்பு மட்டுந்தான் வேணுமா?"ன்னு.

எங்க பக்கத்துக் கல்யாணத்துல இணைச்சீருன்னு ஒண்ணு உண்டு. தாலி கட்டறதுக்கு முன்னால, பொண்ணுக்குக் கட்டப் போற கூறைச் சேலையக் கூடையில வெச்சு எடுத்துக்கிட்டு, மாப்பிள்ளையோட அக்காளோ தங்கச்சியோ அவன் பக்கத்துல நிக்கோணும். சேலையோட ஒரு முனை அவன் கையில, ஒரு முனை இவ கையில. குமரேசனுக்குக் கூடப்பொறந்தவ நான் ஒருத்திதான். நான் போகாட்டி அந்த எடத்துல நிக்கறதுக்கு எங்க பெரியப்பா மவ சரசு தயாரா இருக்கறா. அவ இன்னைக்கு நேத்தாத் தயாரா இருக்கறா? எங்கல்யாணத்துலயே எனக்குப் பதிலா உக்காரத் தயாரா இருந்தவ.

அதனால நான் போயே ஆகோணும். முகூர்த்தத்துக்கு ரெண்டு நா முந்தியே கெளம்பீட்டோம். காருல நானு, எங்கூட்டுக்காரரு, பின்னால சீருத் தட்டு, தேங்கா, வெல்லம், வாழத்தாரு. போற வழியில சேலம் அம்மாபேட்டையில கூறைச் சேலைய வாங்கிக்கிட்டு ஆத்தூர் போறதுன்னு பேச்சு.

எங்கூட்டுக்காரரப் பத்தி ஒரு வார்த்த சொல்லோணும். ஆயுசெல்லாம் லாரி ஓட்டுனவரு. லாரின்னா சத்தத்த வெச்சே எந்த நட்டு லூசுன்னு சொல்லிப்போடுவாரு. இந்தக் காரு மட்டும் பெட்ரோலு வண்டி. ஒரு வாத்தியாரு வெச்சிருந்தத வாங்குனது. டீசல் லாரிக்குப் பிளக்கும் கெடையாது, காயிலும் கெடையாதாம். அதனால அதப்பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாதுங்கறது அவருக்கும் தெரியும். ஆனா அத நாம சொல்லப்படாது.

பரமத்தி தாண்டுச்சு, வண்டி விக்கல் எடுக்க ஆரம்பிச்சுது. நின்னா உடம்பு நடுங்குது, மேடு ஏறுனா தூக்கித் தூக்கிப் போடுது. ஸ்டீரிங்குக்கு முன்னால மஞ்சளா ஒரு வெளிச்சம் மினுக் மினுக்குங்குது.

"ஏனுங்க, அது என்னங்க கண்ணடிக்குது?"

"அது அப்பிடித்தான்."

"என்னையப் பாத்துக் கண்ணடிச்சு யாரும் இவ்வளவு தூரம் கூட வந்ததில்லீங்க."

நாமக்கல்லுல ஒரு டீக்கடை ஓரமா நிறுத்துனாரு. அந்த ஊர்ல வண்டி நின்னா வேற ஒண்ணும் பண்ண வேண்டாம், பேனட்டத் தொறந்தாப் போதும், கூட்டம் தானா வந்துரும். முட்டை லாரி ஓட்டறவரு ஒருத்தரு, பாடி கட்டற பட்டறைக்காரரு ஒருத்தரு, சும்மா நின்னவரு ரெண்டு பேரு. ஒருத்தரு டீசல் பில்டர் அடைச்சிருக்கும்னாரு. இது பெட்ரோலுன்னோம். "அப்பவும் அடைக்குமுங்க"ன்னாரு. இன்னொருத்தரு ஏர் லாக்குன்னாரு. பேச்சு சூடு பிடிக்கவும் நான் ஒரு ஆப்பாயில் சொல்லிச் சாப்புட்டேன். அந்த ஊரு முட்டைய அந்த ஊர்லயே சாப்புட்டா மஞ்சக்கரு வட்டமா நிக்குது. எங்கூருக்கு வர்றதுக்குள்ள அதுவும் பஸ்சுல நசுங்கி வந்த சனமாட்டத்தான் இருக்கும்.

கடைசியில டீக்கடைக்காரரு சொன்னாரு, "நீங்க எல்லாம் லாரிக்காரங்க. பெட்ரோல் காருன்னா சந்துக்குள்ள பாயி கிட்டப் போங்க."

பாயி மெக்கானிக்கு. எங்க மவன் வயசு இருக்கும். என்னையப் பாத்ததும் நாற்காலி போட்டு, "ஒக்காருங்கம்மா, நேரமாகும்"னாரு. எஞ்சின் மேல வரிசையா நாலு கருப்புக் கட்டை. அதுதான் காயிலாம். ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு குழி, குழிக்குள்ள ஒரு பிளக்கு. காயிலு கரண்ட அனுப்போணும், பிளக்கு அதுக்குக் கீழ இருக்கற சிலிண்டருக்குள்ள நெருப்புப் பொறி விடோணும். நம்ம கேஸ் அடுப்பு லைட்டராட்டம்.

வண்டிய ஓட உட்டுட்டு, காயிலுக்கு வர்ற வயரு கிளிப்ப ஒவ்வொண்ணாக் கழட்டி மாட்டுனாரு. முதல் கிளிப்பு எடுத்தா எஞ்சின் தள்ளாடுச்சு. ரெண்டாவது எடுத்தா ஒரு மாத்தமும் இல்ல.

"ஏங்கண்ணு, அது எடுத்தா மட்டும் கண்டுக்காம இருக்குது?"

"அந்தச் சிலிண்டரு ஏற்கனவே ஓடலீங்கம்மா, வேல செய்யல. செய்யாதவன லீவுல அனுப்புனா யாருக்குத் தெரியும்?"

நான் எங்கூட்டுக்காரரப் பாத்தேன். அவரு வானத்தப் பாத்தாரு.

"கிளிப்ப மட்டுந்தான் எடுக்கோணும்மா. வண்டி ஓடறப்பக் காயிலத் தூக்கிறப்படாது, ஷாக் அடிக்கும்"னு பாயி எனக்குப் பாடம் வேற. அப்பறம் வண்டிய அமத்திப்போட்டு, ரெண்டாவது காயில எடுத்து மூணாவது எடத்துல வெச்சாரு, மூணாவத இங்க வெச்சாரு. கோளாறு காயிலுல இருந்தா அது கூடவே மூணுக்குப் போயிருமாம். மறுபடி ஓட உட்டுப் பாத்தா, கோளாறு ரெண்டுலயே உக்காந்திருக்குது. "காயிலு தப்பிச்சுது"ன்னு சொல்லிப் பிளக்கக் கழட்டிக் காட்டுனாரு. முனை தேஞ்சு, சந்து அகண்டு போய், எங்கூட்டுக்காரரோட பழைய முன்பல்லாட்டமே இருந்துச்சு. நாலும் அதே கதி. நாலையும் மாத்தியாச்சு.

வண்டி கம்முனு ஓடுச்சு. அங்க முடிஞ்சிருக்கோணும். எங்கூட்டுக்காரரு உடலியே.

"பாயி, ஒட்டுக்கா அந்தக் காயிலு நாலையும் மாத்திருங்க."

"கை இருப்பு இல்லீங்ணா. சொல்லி உட்டா நாளன்னைக்கு வரும்."

நாளன்னைக்குத்தான் முகூர்த்தம்.

"லாரியில கியர் பாக்ஸ் எறக்குனா கிளச் பிளேட்டையும் சேத்து மாத்தோணும். பேனட்டு ஒருக்காத் தொறந்தா எல்லாத்தையும் பாத்துப்போடோணும்"னு இவரு.

பாயி துணியில கையத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு: "நான் மாத்துங்கன்னும் சொல்ல மாட்டேன், மாத்தாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். வெடிப்பு இல்ல, எண்ணெய் ஏறல, ரப்பர் நல்லாருக்குது. தேஞ்ச பிளக்கோட எச்சாக் கஷ்டப்பட்டுருச்சு, இனிமே அதுக்குப் பாரம் கொறையும். ஆனாப் பழசுதான். எப்பப் போகும்னு நான் எப்பிடிச் சொல்றது?"

"பழசுன்னாப் போயிரும்"னாரு இவரு.

"போன வருசம் நீங்க பல்லுக் கட்டுனீங்களே," நான் கேட்டேன், "ஒட்டுக்கா நாக்கையும் மாத்தீட்டீங்களா?"

பாயி திரும்பிக்கிட்டாரு. தோளு மட்டும் குலுங்குச்சு.

"மாத்தியிருந்தா எனக்கு நிம்மதி. பல்லு கெட்டுச்சு, பல்லக் கட்டுனோம். நாக்கு நல்லா வேல செய்யுது, உட்டுட்டோம். கெட்டது எதுன்னு பாயி மாத்தி வெச்சுப் பாத்துச் சொல்லிப்போட்டாரு. கெடாதத மாத்தறதுக்கு எந்தம்பி கல்யாணத்த உடச் சொல்றீங்களா? சரசுவுக்குப் போன் பண்ணி, நீயே நில்லு கண்ணுன்னு சொல்லட்டுங்களா?"

சரசு பேரு வந்ததும் இவரு அடங்கீட்டாரு. நாங்க போகாட்டி சரசு அப்பறம் வந்து இவரத்தான் உக்கார வெச்சுப் பேசுவா, அதக் கேக்கறதுக்கு இவரு வண்டியத் தள்ளிக்கிட்டே ஆத்தூர் போயிருவாரு. ஆனா ஏறி உக்காந்ததும் ஒண்ணு சொன்னாரு. "நடு வழியில நின்னா எங்கிட்டப் பேசப்படாது."

"நடு வழியில நின்னா உங்க கிட்டப் பேசாம யாருகிட்டப் பேசறதுங்க?"

அன்னைக்குச் சாயந்திரம் அம்மாபேட்டை. தெருவுக்குள்ள நொழைஞ்சாவே தறிச் சத்தம். சேலை நெய்யறது செல்வராணி. அவ புருசன் இவரு கூட லாரியில போனவரு. அதனால தங்கறதும் அவிங்க ஊட்லதான். அவிங்க வீட்டுக்குள்ள பேசிக்கிறது கன்னடம். எங்க சேலை இன்னும் தறியிலதான் இருந்துச்சு, நான் பக்கத்துல உக்காந்து அடுத்த நாப் பூராப் பாத்துக்கிட்டே இருந்தேன். செல்வராணி மாமியா என்னமோ சொல்லுச்சு, எல்லாரும் சிரிச்சாங்க.

"என்ன கண்ணு சொல்றாங்க?"

"இந்தம்மா பாக்கற பார்வைக்குப் பயந்துக்கிட்டு நூலே சீக்கிரம் சேலையாயிரும்னு சொல்றாங்க"ன்னா செல்வராணி.

"நூலாச்சும் பயப்படுதான்னு சொல்லு. எங்கூட்ல ஒண்ணும் பயப்பட மாட்டேங்குது."

அத அவ கன்னடத்துல சொன்னா. கெழவி எங்கையப் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் அவ ஊட்டுக் கதையச் சொல்லுச்சு. எனக்கு ஒரு வார்த்த புரியல. ஆனா அது சொன்னதெல்லாஞ் சரியாத்தான் இருந்துச்சு.

சாயந்திரம் தெருமுனையில தட்டுவடை செட்டு வாங்கிக் குடுத்தாங்க. ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல பீட்ரூட்டு, கேரட்டு, வெங்காயம், காரச் சட்னி. வாய எப்பிடித் தொறந்தாலும் பாதி மடியில கொட்டுது. சேலத்துக்காரிக ஒரு பருக்கை கொட்டாமத் திங்கறாளுக. எங்கூர்ல மீனுல முள்ளு எடுக்கறது வேற வித்தைன்னு மனசத் தேத்திக்கிட்டேன். ராத்திரி சேலை தறியில இருந்து எறங்குச்சு. செக்கச்செவேல்னு, ஓரத்துல பச்சை. மடியில வெச்சுப் பாத்தேன். எங்கம்மா இருந்திருந்தா இத முகத்துல வெச்சுப் பாத்திருப்பா. சரி, அத உடுங்க.

முகூர்த்தத்தன்னைக்கு விடிய நான் எந்திரிச்சுக் குளிச்சு வர்றதுக்குள்ள காரு வாசல்ல பளபளன்னு நிக்குது. எங்கூட்டுக்காரரு வாட்டர் சர்வீசுக்குக் கொண்டு போய்க் கழுவிக்கிட்டு வந்திருக்கறாரு. கண்ணாடிக்குச் சந்தனம், குங்குமம், முன்னால பூமாலை.

"ஏனுங்க, நம்ம கல்யாணத்துக்குக் கூட நீங்க இப்பிடிக் குளிச்சு வர்லியே."

"கல்யாணத்துக்குப் போற வண்டி"ன்னு நெஞ்ச நிமுத்துனாரு.

சேலம் தாண்டி, அயோத்தியாப்பட்டணம் தாண்டி, வண்டி வெண்ணெயில போற மாதிரி போச்சு. நானும் சும்மா இருந்திருக்கலாம். "பாத்தீங்களா, காயிலு பழசுதான், என்ன நோவு வந்துச்சு?"ன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சேன். வாழப்பாடிக்குள்ள போறதுக்கு முன்னால விக்கல் ஆரம்பிச்சுது. அதே நடுக்கம், அதே கண்ணடி. முன்னைக்கு இது எச்சாவே ஆடுச்சு. ஒரு பஞ்சர் கடை வாசல்ல போய் நின்னுச்சு.

இவரு ஸ்டீரிங்கப் பிடிச்சுக்கிட்டு நேராப் பாத்தாரு. "நான் அன்னைக்கே சொன்னேன்."

அந்த நேரத்துக்குத்தான் போனு அடிக்கோணுமா? சரசு.

"அக்கா, எங்க வாரீங்க? ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வாங்க. நான் தலை சீவிப் பூ வெச்சுட்டேன். கூறை கூட இங்கயே ஒண்ணு கடையில எடுத்து வெச்சாச்சு. ஆகறது நிக்கப்படாது பாருங்க."

"வாழப்பாடில சாமி. டீ குடிக்கறோம்"னு வெச்சுட்டேன்.

பஸ்சுல போயிரலாம்னு சேலைப் பையோட ரோட்டுல எறங்கிக் கை காட்டுனேன். முகூர்த்த நாளு. வந்த பஸ்சு எல்லாம் படியில சனம் தொங்குது, ஒண்ணும் நிக்கல. ஒருத்தன் ஜன்னல்ல இருந்து எனக்குக் கையாட்டுனான். நானும் ஆட்டுனேன்.

திரும்பி வந்து, "பேனட்டத் தொறங்க"ன்னேன்.

"தொறந்து என்ன பண்ணப் போற? காயிலு போச்சு. புதுக் காயிலு இந்தக் காட்டுல எங்க கெடைக்கும்?"

"போச்சான்னு பாத்துட்டுப் போச்சுன்னு சொல்லுங்க. கிளிப்பு எடுக்கறது எனக்குத் தெரியும்."

பஞ்சர் கடைக்காரரு நல்ல மனுசன். அந்தப் பக்கத்துப் பேச்சு வேற மாதிரி. நாங்க ஊடுங்கறத அவிங்க வூடுங்கறாங்க. "என்னாம்மா, நீயா கை வெக்கப் போற? பட்டுச் சேலை கட்டிக்கினு?"ன்னாரு.

"பட்டு இன்னொண்ணு வாங்கலாங்க. எந்தம்பிக்கு இன்னொரு கல்யாணம் வெக்க முடியாது. இதே இவ்வளவு நாளாயிருச்சு."

இவரு வண்டிய ஓட உட்டாரு. இவருக்குக் கிட்டப் பார்வை மங்கல், வெரலும் தடிமன். எங்கைதான் உள்ள போகும். ஒண்ணாவது கிளிப்பு எடுத்தேன், எஞ்சின் தடுமாறுச்சு. மாட்டுனேன். ரெண்டு, அதுவும் தடுமாறுச்சு. மூணு, அசையவே இல்ல. லீவுல இருக்கறவன் அவந்தான்.

வண்டிய அமத்திட்டு, கடைக்காரரு பத்தாம் நெம்பர் ஸ்பேனர்ல போல்ட்டக் கழட்டிக் குடுத்தாரு. நான் காயிலத் திருகி மேல இழுத்தேன். ரப்பர் நுனியில இருந்து சொட்டு சொட்டாத் தண்ணி ஊத்துது. குழிக்குள்ள எட்டிப் பாத்தா பிளக்கு முங்கிக் கெடக்குது, குட்டிக் கெணறாட்டம். தண்ணி கூடக் கலங்கலா, சந்தன வாசத்தோட.

நான் எங்கூட்டுக்காரரப் பாத்தேன். கடைக்காரரும் பாத்தாரு.

"ஏனுங்க, காத்தால வண்டியக் கழுவுனீங்களே, வெளிய மட்டுந்தானுங்களா?"

இவரு பேனட்டுல இல்லாத தூசியத் தட்டுனாரு.

"லாரிக்கெல்லாம் எஞ்சினுக்கும் சேத்துத்தான் தண்ணி அடிப்போம்"னாரு. "பேனட்டத் தொறந்து நல்லா அடிக்கச் சொன்னேன். அப்பறம் அந்தக் கட்டைகளுக்குக் கொஞ்சம் சந்தனம் வெச்சேன். நாலுக்கும்."

"காயிலுக்குப் பொட்டு வெச்சீங்களா?"

"அன்னைக்கு அத மாத்தோணும்னு சொன்னனே. மனசு கேக்கல."

சிரிப்ப அடக்கிப் பாத்தேன், முடியல. பஞ்சர் கடைக்காரரு டயர் மேல உக்காந்துட்டாரு, எந்திரிக்க முடியாம. இவரும் கடைசில சிரிச்சுப்போட்டாரு. அவரு முன்பல்லு பூராத் தெரிஞ்சுது. கட்டுனது நல்லாத்தான் கட்டியிருக்கறாங்க.

டயருக்குக் காத்து அடிக்கற குழாயக் குழிக்குள்ள உட்டு அடிச்சாங்க. தண்ணி மேல பீச்சி வந்து இவரு சட்டையில மஞ்சக் கோலம் போட்டுச்சு. நாலு குழிக்கும் அடிச்சு, நாலு காயிலையும் இவரு புதுத் துண்டுல தொடச்சு, ரப்பருக்குள்ள துணிய முறுக்கி உட்டு எடுத்து, வெயில்ல கொஞ்சம் காய வெச்சோம். என்ற பொறுமையும் அங்கயே காஞ்சுது. மாட்டி ஓட உட்டா, கம்முனு ஓடுது. பழைய காயிலு நாலுந்தான்.

"மாத்தலாமுன்னா இப்பக் கூட..."ன்னு இவரு ஆரம்பிச்சாரு.

"ஓட்டுங்க."

மண்டபத்துக்குள்ள நொழையறப்ப மேளம் அடிச்சுக்கிட்டிருக்குது. சீரு பண்ணி வெக்கற அருமைக்காரரு கையில வெத்தலையோட நிக்கறாரு. சரசு கூடைய இடுப்புல வெச்சுக்கிட்டு, கடைச் சேலையோட, தலை நெறையப் பூவோட நிக்கறா. மாப்பிள்ளைய மட்டும் காணல. மோதிரத்தக் காணமுன்னு அறைக்குள்ள தேடிக்கிட்டு இருக்கறானாம். எல்லாரும் தேடறாங்களாம். நான் உள்ள எட்டிப் பாத்தேன். மோதிரம் அவன் வெரல்லதான் இருக்குது. கைய வேட்டிக்குள்ள மறைச்சுக்கிட்டு, பாய்க்கு அடியில பாருங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்கறான்.

"வந்துட்டேன்டா, எந்திரி"ன்னேன்.

எந்திரிச்சு வந்து மேடையில நின்னான். நான் கூடைக்குக் கை நீட்டுனேன். அப்பத்தான் எல்லாரும் பாத்தாங்க. ரெண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் கருப்பு.

"இந்தக் கையோட கூறையத் தொடப் போறீங்களாக்கா?" சரசு கூடைய இன்னும் இறுக்கிக்கிட்டா. "பின்னால பைப்பு இருக்குது, நல்லாத் தேச்சுக் கழுவீட்டு வாங்க. அதுக்குள்ள நான் ஆரம்பிச்சு வெக்கறேன்."

அருமைக்காரரு நேரத்தப் பாத்தாரு. நானும் பாத்தேன். பைப்புக்குப் போய் வர நேரமில்ல. சரசு சொன்னதுலயும் தப்பில்ல, அதுதான் எனக்கு எச்சா எரிச்சல்.

குமரேசன் கிட்ட வந்தான். என்ற ரெண்டு கையையும் பிடிச்சு இழுத்து, அவன் கட்டியிருந்த புது வெள்ளை வேட்டியில, தொடைக்கு மேல, முன்னும் பின்னும் அழுத்தித் தொடச்சான். கருப்பாப் பட்டை பட்டையா எறங்குச்சு. பொண்ணு வீட்டுச் சனம் எல்லாம் வாயத் தொறந்துட்டு நிக்குது.

"ரிக் வண்டிக்காரன் வேட்டி, இப்பிடித்தான் இருக்கோணும்"னான். "கூடையக் குடு சரசு."

சரசு குடுத்தா. குடுக்கறப்ப என்ற தலையில கலைஞ்சிருந்த பூவச் சரி பண்ணி உட்டா. அது அவ மனசு, ரெண்டும் ஒட்டுக்காத்தான் இருக்கும்.

அறை வாசல்ல இருந்து தனம் எட்டிப் பாத்து, "என்னாங்க அண்ணி, டீசல் கறையா, பெட்ரோல் கறையா? டீசல்னா எங்கிட்ட விட்டுடுங்க, மெஸ்சுல தொடச்சுப் பழக்கம்"னுச்சு. இவளத்தான் இவன் கட்டோணும்னு எனக்கு அந்த நிமிசம் முடிவாச்சு. ஊரு உலகம் முன்னாலயே முடிவு பண்ணீருச்சு, நான் கொஞ்சம் தாமதம்.

அம்மாபேட்டைச் சேலையப் பிரிச்சோம். ஒரு முனை எனக்கு, ஒரு முனை அவனுக்கு. அருமைக்காரரு சொல்லச் சொல்ல நிக்கறோம். சேலை லேசா ஆடுது. காத்து ஒண்ணும் இல்ல. அவன் கைதான் நடுங்குது. எத்தனையோ ஊர்ல பாறையத் தொளச்ச கை.

நான் கிட்டப் போயி அவன் காதுல கேட்டேன். "ஏன்டா, ஒரு சிலிண்டரு ஓடலியா?"

சிரிச்சுட்டான். சேலை ஆடறது நின்னுச்சு.